மாதிரிக் கையெழுத்து

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

நாற்பத்தொரு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். எங்கே தொடங்கினாலும் தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் பழைய பழக்கப்படி, எழுதப்போவதை முதலில் எண் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. இப்போது எழுத நேர்ந்த காரணம்.
2. வங்கியின் வரலாறு; அதற்குத் தேவைப்படும் ஒரு புகைப்படம்.
3. மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்.
4. அந்த வியாழக்கிழமை. அன்று உன் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.
5. என் உடல்நிலை. (இதை விட்டுவிடலாம்.)

முதலாவது. நம் ஊர் வங்கியைப் பெரிய வங்கி ஒன்று எடுத்துக்கொள்கிறது. ஜூன் கடைசியில் ஒரு விழா வைத்துப் பெயர்ப்பலகையை இறக்கிவிடுவார்கள். இப்போதிருக்கும் மேலாளர் என் கடைசி மகனைவிடச் சின்னவர். வீடு தேடி வந்து, “ஐயா, பேங்க்கோட ஐம்பத்தஞ்சு வருஷ வரலாறு, ஒரு அறுபது பக்கம், நீங்கதான் எழுதித் தரணும். முதல் நாள்லேர்ந்து இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்” என்றார். எனக்கு எழுத வருமா என்று தெரியவில்லை என்றேன். “நீங்க எழுதின லெட்ஜரைப் பாத்திருக்கேன் ஐயா, அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்றார். லெட்ஜர் எழுதுவதும் வரலாறு எழுதுவதும் ஒன்றா என்று கேட்க நினைத்தேன். ஆனால் ஒப்புக்கொண்டேன்.

இரண்டாவது. நான்கு அத்தியாயங்கள் முடித்துவிட்டேன். மரக்கடை முதலாளி தன் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் வங்கியைத் தொடங்கியது, வருகிறவர்கள் மேல் மரத்தூள் படியாமலிருக்க வாசலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டது எல்லாம் வந்துவிட்டது. ஐந்து வருடம் கழித்துப் புதுக் கட்டிடம். அதற்கு வாங்கிய இரும்புப் பெட்டி எந்த வாசலிலும் நுழையாது என்று தெரிந்ததால், பெட்டியைக் காலி மனையில் முதலில் நிறுத்திவிட்டு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். பதினோரு நாள் வெட்டவெளியில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. உள்ளே ஒரு காசு கிடையாது. ஆனாலும் முதலாளி இரண்டு காவலாள் போட்டார். காலிப் பெட்டிக்கு எதற்குக் காவல் என்று நான் கேட்டதற்கு, “காவல் இருந்தாத்தான்யா உள்ள ஏதோ இருக்குன்னு ஊர் நம்பும்” என்றார். இதை வரலாற்றில் சேர்க்கலாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

புதுக் கட்டிடத்துக்குப் போன அந்த ஆகஸ்டில், ஆளுக்கு இருபத்தைந்து சேமிப்புக் கணக்குகள் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. மாதக் கடைசிக்குள் சேர்த்து முடித்தவன் நான் ஒருவன்தான். அதற்குப் பரிசாக ஒரு மைப்பேனா கொடுத்தார்கள். நிப்பை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். இந்தக் கடிதமும் அதில்தான் எழுதுகிறேன்.

பலகை மாட்டிய அன்று எடுத்த புகைப்படம் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஏணி மேல் மாப்பிள்ளை, வாயில் தூரிகையைக் கவ்வியபடி. கீழே நாங்கள் ஏழு பேர். அதற்கு முன் மூன்று நாள் அவர் பலகை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இரண்டு வருடம் கழித்து உனக்காகக் கேட்டேன். புகைப்படத்தை அனுப்பினால் பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பிவிடுவேன்.

மூன்றாவது. பலகையில் கடைசி நான்கு எழுத்துகள் மட்டும் ஏன் வெளிறியிருக்கின்றன? எழுத்துகளின் நிழலுக்கு அவர் போட்ட கறுப்பு மட்டும் எப்படி இன்றுவரை மங்கவில்லை? பார்வை போனவரிடம் நிறத்தைப் பற்றிக் கேட்பது சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவருக்குக் கோபம் வராது என்ற தைரியத்தில் கேட்கிறேன்.

நான்காவதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். வரலாற்றில் அது ஆறாவது அத்தியாயமாக வர வேண்டும். இப்போதைக்கு மேலே எண் போட்டு எழுதியிருப்பதே சுருக்கம். அதில் மாற்றமில்லை.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 15

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மகள்தான் உறையைப் பார்த்துவிட்டு, “யாரும்மா இது, கையெழுத்துப் போட்டு, கீழ கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில ரெண்டு புள்ளியும் வச்சிருக்காரு? ஏதோ பத்திரம் மாதிரி இருக்கு” என்றாள். “உங்க பூதக்கண்ணாடி மாமா” என்றேன். பேங்க்கில் உங்களுக்கு வைத்த பட்டப்பெயர் இன்னும் என் வாயில் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் வரிசைப்படி வர எனக்குப் பொறுமையில்லை. மூன்றாவதுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. நவம்பரில். காப்பியை ஆற்றி வைத்துவிட்டுத் திரும்பினேன், நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். உங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று மகள் சண்டை போட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

உங்கள் கேள்விகளுக்கு அவரால் பதில் சொல்ல முடியாவிட்டாலும் என்னால் முடியும். எத்தனை தடவை கேட்டிருப்பேன் அந்தக் கதையை! மெல்லிய தாள் தாளாகப் புத்தகம்போல் தைத்து வரும் தங்க ரேக்கை எழுத்துக்கு ஒட்டச் சொன்ன உங்கள் முதலாளி, மூன்று புத்தகம் ரேக்குக்கு மேல் ஒரு தாள்கூட வாங்கித் தர மாட்டேன் என்றுவிட்டார். கடைசி நாலு எழுத்து வெறும் மஞ்சள் பெயிண்ட். “முக்கால்வாசிதான் தங்கம் மச்சான் பேங்க்” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நிழலுக்குப் போட்டது விளக்குப் புகை. சட்டியைக் கவிழ்த்துப் புகை பிடித்து, ஆளிவிதை எண்ணெயில் அவரே அரைத்தது. மங்காது. எழுதிக்கொள்ளுங்கள், வரலாற்றுக்கு ஆகும்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். பலகை மாட்டி ஒன்பது வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பழைய தகரப் பலகை ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது துருத்துண்டு அவர் இடது கண்ணில் ஏறியது. நம் ஊர் டாக்டர், “வியாழன் ராத்திரிக்குள்ள கண் ஆஸ்பத்திரியில சேத்துடுங்க. இந்தக் கண்ணை விட்டா இது இன்னொண்ணையும் கூட இழுத்துக்கும்” என்றார். ஆஸ்பத்திரியில் முதலில் எண்ணூறு கட்டச் சொன்னார்கள். என் கணக்கில் ஆயிரத்து முந்நூறு இருந்தது. புதன்கிழமை கூட்டத்தில் உள்ளேயே நுழைய முடியவில்லை. வியாழக்கிழமை வந்தேன். கையெழுத்து மாறியிருக்கிறது என்று நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். அங்கே இங்கே புரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அடுத்த செவ்வாய் ஆகிவிட்டது. ஒரு கண்ணை எடுத்தார்கள். மற்றது ஒரு வருடத்தில் தானாகப் போனது. அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பலகை எழுதுகிறவர்.

உங்களைக் குறைத்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் ஆத்திரமெல்லாம் அதனால்தான். “மச்சான் அன்னிக்குக் கையெழுத்தைப் பாத்தாரு, ஆளைப் பாக்கலை. எனக்கு இப்ப ரெண்டையும் பாக்கற வேலை இல்லை. யாருக்கு நிம்மதின்னு நீயே சொல்லு” என்பார்.

போட்டோ இருக்கிறது. ஆறாவது அத்தியாயத்தில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று தெரியாமல் அனுப்ப மாட்டேன். எனக்கு அதில் ஒரு வரி வேண்டும். அன்று வரிசையில் நானும் நின்றேன், எதற்காக நின்றேன் என்று. உங்கள் பேங்க் சரித்திரத்தில் காலிப் பெட்டிக்கு இடம் இருக்கும்போது அவர் கண்ணுக்கு ஒரு வரி இருக்கக் கூடாதா?

தங்கை


மார்ச் 24

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தின் இரண்டாவது பத்தியோடு நிறுத்திவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.

போன வாரம் வங்கிக்குப் போனபோது வாசலில் நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நான்கு எழுத்துகள். ஐம்பது வருடமாக அதன் கீழே நடந்து உள்ளே போயிருக்கிறேன். ஒரு நாள்கூட அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றியபோது அவர் இல்லை.

நீ கேட்ட ஆறாவது அத்தியாயம். நான் எழுதி வைத்திருந்தது ஒரே ஒரு வாக்கியம்: “பொதுமக்களின் நம்பிக்கை தளர்ந்த அந்த மூன்று நாட்களிலும் ஊழியர்கள் நிதானம் காத்தனர்.” இதைத் திரும்பப் படித்தேன். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நிதானம் எப்படி வந்தது என்று அதில் இல்லை. உனக்காவது சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, வங்கியின் பழைய பெஞ்சுகளையும் மேசைகளையும் வார்னிஷ் அடிக்க வண்டியில் ஏற்றினோம். எதிர்க்கடைக்காரர் பார்த்துவிட்டு, பேங்க்கைக் காலி பண்ணுகிறார்கள் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். புதன்கிழமை காலை கதவைத் திறக்கும்போது தெருமுனை வரை வரிசை. அன்று மாலை அப்போதிருந்த மேலாளர் எங்கள் ஏழு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

“நாம பணம் போட்டு வச்சிருக்கிற பட்டணத்து பேங்க்லேர்ந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் பணம் வருது. அதுவரைக்கும் உள்ள இருக்கிறது கொஞ்சம்தான். யாரும் இல்லைன்னு சொல்லக் கூடாது, முடியாதுன்னு சொல்லக் கூடாது. குடுக்கணும். ஆனா மெதுவாக் குடுக்கணும். நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட தன் பணத்தை எடுக்கக் கூடாது. பாத்தாங்கன்னா அவ்வளவுதான், நாறிடும்.” பிறகு என்னைப் பார்த்தார். “பூதக்கண்ணாடி, நாளைக்கு நீதான்யா பேங்க்.”

என்னை யாரும் அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை. பயந்த சுபாவமுள்ளவனுக்கு அந்த வார்த்தை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாது.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். கணக்குத் தொடங்கும்போது வாடிக்கையாளர் ஓர் அட்டையில் மாதிரிக் கையெழுத்துப் போடுவார். பிறகு எப்போது பணம் எடுக்க வந்தாலும் படிவத்திலுள்ள கையெழுத்தையும் அட்டையிலுள்ளதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண நாளில் அரை நிமிடம். வியாழக்கிழமை ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். லென்சை வைத்து, எழுத்து எழுத்தாக. எனக்குப் பக்கத்தில் காசாளர் ஒவ்வொரு கட்டையும் மூன்று முறை எண்ணினார்.

“ஐயா, என் கையெழுத்தை மனப்பாடம் பண்றீங்களா?” என்றார் ஒருவர்.

“அவசரமே இல்லீங்க. நான் போனப்புறம் என் பேரன்கிட்ட குடுத்தாலும் போதும்” என்றார் வரிசையில் நின்ற ஒரு கிழவர்.

“விடுப்பா, அந்தக் கண்ணாடியைக் கழட்டினா ஐயாவுக்குத் தன் மூஞ்சியே அடையாளம் தெரியாது” என்று பின்னாலிருந்து இன்னொரு குரல்.

பதினொன்றரைக்கு நீ வந்தாய். “அண்ணா, சீக்கிரம் பாரு. பன்னெண்டரை பஸ்ஸுக்கு அவரைக் கூட்டிக்கிட்டுப் போகணும். இன்னிக்கு ராத்திரிக்குள்ள சேக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணு, அண்ணா” என்றாய். உனக்குப் பின்னால் நின்ற மாவுமில்காரர் உரக்கச் சொன்னார்: “ஓஹோ, தங்கச்சியா! அப்ப வீட்டுப் பணமெல்லாம் முதல்ல வெளிய போயிடும். நாம நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.”

எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். மேலாளரும் கதவருகில் நின்று பார்த்தார். உன் அட்டையை எடுத்தேன். ஒத்துப்போகவில்லை. சின்ன வித்தியாசமல்ல, வேறு ஆள் கையெழுத்துப் போல இருந்தது. அதைப் பார்த்ததும், சொல்லக் கூசுகிறது, எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நீ யார் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கணத்தில் அது கேள்வியாகவே இல்லை. சிவப்பு மையில் குறிப்பு எழுதி, “நாளைக்கு ரெண்டு சாட்சியோட வாம்மா, புது அட்டை போட்டுக்கலாம்” என்றேன். சட்டைப்பையிலிருந்த நாற்பதை நீட்டினேன். நீ அதைப் பார்க்கவுமில்லை.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அந்த மாவுமில்காரரே திரும்பி நின்று, “கூடப் பிறந்தவளையே திருப்பி அனுப்பிட்டாருய்யா! இவங்ககிட்ட இருந்தா பணம் எங்கயும் போகாது” என்று சொல்லிவிட்டுத் தன் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். மூன்று மணிக்குள் பாதி வரிசை கலைந்தது. வெள்ளிக்கிழமை பணம் வந்தபோது அதற்கு அதிகத் தேவையிருக்கவில்லை. அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

இத்தனைக்குப் பிறகும் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. அது என் விருப்பமல்ல, நடந்த உண்மை. நீ கேட்ட வரியைச் சேர்க்கிறேன். ஆனால் இதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும்.

அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணா,

‘நீங்கள்’ போட்டு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

ஆக, என்னைத் திருப்பி அனுப்பியதில்தான் உன் பேங்க் நின்றது. நல்லது. தெரிந்துகொண்டேன். உனக்கு நிம்மதி வந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த நேரத்தில் அவர் பஸ் ஸ்டாண்டில் கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மூன்று வயசுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டரை பஸ் அவர் முன்னாலேயே கிளம்பிப் போனது. நாளைக்கு வாம்மா என்றாய். டாக்டர் கொடுத்த கெடுவில் நாளை இல்லை என்று உனக்கு நான் சொல்லியிருந்தேன்.

சரி, அதை விடு. உன் முதல் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். கணக்கு சேர்த்தது புதுக் கட்டிடத்துக்குப் போன ஆகஸ்டில் என்று எழுதியிருக்கிறாய். உன் தேதி என்றைக்கும் தப்பாது. அந்த ஜூலையிலிருந்து டிசம்பர் வரை நான் ஹாஸ்டலில் இருந்தேன், ஆசிரியப் பயிற்சிக்கு. நீதான் கொண்டுவந்து விட்டாய், என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. மாடிப்படியில் கால் இடறி முட்டியில் சிராய்த்துக்கொண்டாயே. டிசம்பரில் வீட்டுக்கு வந்ததும், “உன் பேர்ல ஒரு கணக்கு இருக்கு, மாசாமாசம் ஏதாவது போடு” என்று பாஸ்புக்கைக் கையில் கொடுத்தாய். அன்றிலிருந்து ஒன்பது வருடம் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை உன் கையில்தான் பணம் கொடுத்தேன். நீதான் கட்டினாய். அந்த வியாழக்கிழமைக்கு முன்னால் நான் உன் பேங்க் வாசற்படியை மிதித்ததில்லை. வேண்டியிருக்கவில்லை, நீ இருந்தாய்.

எந்த அட்டையைப் பார்த்தாய் அண்ணா? நான் எந்த அட்டையிலும் கையெழுத்துப் போடவில்லையே!

இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. நீ பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சின்ன வயசிலிருந்தே பழக்கம். எப்போதோ போட்டிருப்பேன், மறந்திருப்பேன், பதட்டத்தில் என் கைதான் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எத்தனையோ வருடம், பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில், யாரும் இல்லாதபோது என் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன், எந்த இடத்தில் மாறியது என்று. அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். “என் கை நடுங்கிடுச்சுங்க. நான் ஒழுங்காப் போட்டிருந்தா உங்களுக்குக் கண்ணு போயிருக்காது.” அவர் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, “பைத்தியம். பதட்டத்துல எவனுக்கும் கை நடுங்கும். எனக்கே ஏணி மேல நடுங்கியிருக்கு” என்று தேற்றினார். கடைசி வரைக்கும் அப்படித்தான் நம்பினார். அவருக்குக் கண் போனது என் கையால் என்று.

போட்டோ அனுப்பவில்லை. இது போட்டோ இல்லை. நீ சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்த படிவம். மடித்த இடத்தில் கிழிந்திருக்கிறது, ஜாக்கிரதை. இதுவும் உன் பேங்க் சரித்திரம்தானே. அட்டையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். உனக்குத்தான் அதில் கை தேர்ந்திருக்கிறதே.

தங்கச்சி


ஏப்ரல் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்த முறை ‘நீ’ என்று எழுதியிருக்கிறாய். கோபத்தில்தான். ஆனாலும் அந்த வார்த்தை வரும் இடங்களையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன்.

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. உனக்கு மறதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அட்டையில்லாமல் கணக்கு இல்லை. கணக்கு இருந்ததால் அட்டை இருந்தது. அட்டை இருந்ததால் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இதை ஒரு தாளில் எழுதிக்கூடப் பார்த்தேன். எழுதும்போது சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் மேலாளரிடம் கேட்டுப் பழைய ஆவண அறைக்குப் போனேன். இரும்புப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. சுவரை உடைத்துப் பெட்டியை எடுக்க ஆட்கள் வந்து சுண்ணாம்பில் அடையாளம் போட்டிருந்தார்கள். அட்டைகள் மர இழுப்பறைகளில், எண் வாரியாக, நான் அடுக்கியபடியே. உன் எண் 418. எடுத்தேன். உன் படிவத்தைப் பக்கத்தில் வைத்தேன். உன் இரண்டு கடிதங்களையும் கொண்டுபோயிருந்தேன், அவற்றையும் வைத்தேன். லென்சைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே தேவையிருக்கவில்லை.

படிவத்திலிருப்பதும் கடிதங்களிலிருப்பதும் ஒரே கை. நாற்பத்தொரு வருட இடைவெளியில் கொஞ்சமும் மாறவில்லை.

அட்டையிலிருப்பது உன் பெயர். பெயருக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளிகள்.

அங்கே ஒரு ஸ்டூல் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். அந்த மேலாளர் எட்டிப் பார்த்து, “ஐயா, தண்ணி வேணுமா?” என்றார். வேண்டாம் என்றேன் என்று நினைக்கிறேன்.

மெல்ல மெல்ல நினைவு வந்தது. ஆகஸ்ட் முப்பத்தொன்று, மாலை ஐந்து மணி. இருபத்துநான்கு கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஒன்று குறைகிறது. அன்றைய மேலாளர் பட்டியலோடு வந்து நிற்கிறார். என் கையிலிருந்து பத்தைக் கட்டி உன் பேரில் தொடங்கினேன். நீ ஹாஸ்டலில் இருந்தாய். தங்கச்சிதானே, டிசம்பரில் வந்ததும் சரியான கையெழுத்து வாங்கி அட்டையை மாற்றிவிடலாம் என்று நானே உன் பெயரை எழுதினேன். பழக்கத்தில் கோடும் இழுத்திருக்கிறேன், புள்ளியும் வைத்திருக்கிறேன். டிசம்பரில் நீ வந்தாய். நான் மறந்துவிட்டேன். ஒன்பது வருடம் பணம் போடத்தான் போட்டாய். போடுவதற்குக் கையெழுத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் அந்த அட்டையை யாரும் வெளியே எடுக்கவில்லை. வியாழக்கிழமை எடுத்தவன் நான். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, உன் கையெழுத்தை என் கையெழுத்தோடு ஒப்பிட்டு, உன்னுடையது சரியில்லை என்று சிவப்பு மையில் எழுதினேன். அந்தக் கோடும் புள்ளிகளும் அன்றும் அங்கேதான் இருந்திருக்கும். வித்தியாசம் இருக்கிறது என்று கண்டதும் நிம்மதியில் அதற்கு மேல் பார்க்கவில்லை போலிருக்கிறது. எழுத்து எழுத்தாகப் பார்ப்பவன் என்று எனக்குப் பெயர்.

அந்த இருபத்தைந்தாவது கணக்குக்குக் கிடைத்த பேனாவை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். இதைப் பேரனின் பென்சிலால் எழுதுகிறேன். மங்கலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

ஆறாவது அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். இரண்டரைப் பக்கம் வந்தது. நீ வந்தது, எதற்காக வந்தாய், அட்டை யாருடையது, வரிசை எதனால் கலைந்தது, அதற்குப் பிறகு பலகை எழுதியவருக்கு என்ன ஆயிற்று, எல்லாம் இருக்கிறது. இப்போதைய மேலாளர் என் எதிரிலேயே படித்தார். “ஐயா, இது... விழா மலர்ல வேணுமா? பெரிய பேங்க்லேர்ந்தெல்லாம் வர்றாங்க. நிதானம் காத்தனர்னு முதல்ல ஒரு வரி குடுத்தீங்களே, அது அழகா இருந்துச்சு” என்றார். சரி, பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாசலில் பலகைக்குக் கீழே வந்ததும் அந்தக் கடைசி நான்கு எழுத்துகளை நிமிர்ந்து பார்த்தேன். திரும்பிப் போய், “அந்த இரண்டரைப் பக்கம் இல்லாவிட்டால் மற்ற பக்கங்களையும் கொடுத்துவிடுங்கள்” என்றேன். அவர் என்ன செய்வார் என்று தெரியாது. அதனால் ஒரு நகலை உனக்கு அனுப்புகிறேன். அச்சாகாவிட்டாலும் ஒரு வீட்டிலாவது இருக்கட்டும்.

படிவத்தையும் திருப்பி அனுப்புகிறேன். அதோடு அந்த அட்டையும் இருக்கிறது. யாரிடமும் கேட்கவில்லை, சட்டைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டேன். முப்பத்தாறு வருட வேலையில் ஒரு குண்டூசிகூட வெளியே கொண்டுவந்தவனில்லை. உன் மகளிடம் காட்டு. அவள் உறையைப் பார்த்ததுமே கண்டுகொண்ட அடையாளம்தான் அதில் இருக்கிறது.

புகைப்படம் வேண்டாம். அந்த ஏணிக்குக் கீழே நிற்கும் ஏழு பேரில் நானும் ஒருவன். உன்னிடமே இருக்கட்டும்.

மாப்பிள்ளையிடம் சொல்ல எனக்கு வழியில்லை. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகும் இருபத்திரண்டு வருடம் அதே ஊரில்தான் இருந்தீர்கள், இரண்டு தெரு தள்ளி. உன் கை நடுங்கவில்லை என்று ஒரு நாள் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள ஓர் இழுப்பறையை இழுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அந்த நோட்டில் நீ போட்டுப் போட்டுப் பார்த்த கையெழுத்துகள் எல்லாம் சரியானவை. ஒன்றுகூடத் தவறில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டியவன் நான்தான்.

முதல் கடிதத்தில் ஐந்து எண்கள் போட்டிருந்தேன். இன்று அதன் நகலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்தில் திருத்த ஒன்றுமில்லை. நான்காவது தவறு. அன்று உன் கையெழுத்து சரியாக இருந்தது. என் நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும், அட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு, இது யார் போட்ட கையெழுத்து என்று என்னைத்தான் கேட்டிருப்பார்கள்.

அண்ணன்